வைகையின் மறுமுனையில் ஓர் உயிர்

(மார்க்கையன்கோட்டையில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவிற்கேற்ற தலைப்பொன்றைச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, ‘கடற்பசு’ என்று சொன்னேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். “ஐயா, நம்ம ஊர்ல இருந்து கடலுக்கு ஒரு நாள் பயணமாச்சே” என்றார். அவர் சொன்னது உண்மைதான். மேற்கே தேக்கடி மலை, கிழக்கே மேகமலை, நடுவே நம் நெல்வயல்கள். குறிஞ்சி உண்டு, முல்லை உண்டு, மருதம் நிறைய உண்டு. நமக்கு வாய்க்காத திணை நெய்தல் ஒன்றுதான். வாய்க்காததனாலேயே நம் கவிதைகளில் கடல் அதிகம். பத்தாண்டுகளில் இந்த மேடையில் படிக்கப்பட்ட கவிதைகளை எண்ணிப் பாருங்கள். அலை வராத கவியரங்கம் ஒன்றுகூட இருந்திராது.

இன்று நான் பேச வந்திருப்பது ஓர் அரிய உயிரைக் காண விரும்பிச் சென்று, காணாமல் திரும்பிய கதை. அதிலே என் குற்றம் ஒன்றும் உண்டு. அதை வெளியில் சொல்லுமுன் உங்களிடம் சொல்வதே முறை என்று கருதுகிறேன்.

ஒரு கவிதையும் ஒரு கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தில் நான் படித்த ‘கடற்கன்னி’ என்னும் கவிதை உங்களுட் சிலருக்கு நினைவிருக்கலாம். பாக் நீரிணையில் நிலவொளியில் எழுந்து, குழந்தைக்குப் பாலூட்டி மறையும் ஒரு கடல் மகளைப் பாடியிருந்தேன். கடற்பசுவைப் பற்றி எங்கோ படித்த இரண்டு வரிச் செய்தி அதற்கு வித்து. நீங்கள் கைதட்டினீர்கள். நானும் மகிழ்ந்தேன். கூட்டம் முடிந்ததும், கல்லூரியிற் படிக்கும் நம் வட்டத்துத் தம்பி ஒருவர் அருகில் வந்து, “ஐயா, நீங்க அதைப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; பார்த்த அனுபவத்தைக் கேட்கும் ஆவலில் கேட்டார். “இல்லை தம்பி” என்றேன். அவர் முகம் வாடியது. அந்த வாட்டம் என்னை விட்டு நீங்கவில்லை.

மாலுமிகளின் கற்பனையைப் பற்றி நாம் அறிவோம். 1493ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொலம்பசு, மூன்று கடற்கன்னியரைக் கண்டதாகவும், ஓவியங்களில் வரைவது போல அவர்கள் அத்துணை அழகில்லை என்றும் குறித்துவைத்தார். அவர் கண்டவை கடற்பசுவின் உறவினமான மானட்டி என்னும் விலங்குகள் என்பது அறிஞர் கருத்து. கண்டவனுக்கே அவ்வளவு மயக்கமென்றால், காணாமலே பாடிய எனக்கு எவ்வளவு இருந்திருக்கும்!

யானையின் உறவு

கடற்பசு எத்தகைய உயிர் என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மீனவர்கள் இதனை ஆவுளியா என்று அழைக்கிறார்கள். மூன்று மீட்டர் வரை வளரும். முந்நூறு, நானூறு கிலோ எடையிருக்கும். மீனன்று, நம்மைப்போல் மூச்சுவிட்டுக் குட்டியீன்று பாலூட்டும் உயிர். கடலுக்கடியில் வயல்போல் விரிந்து கிடக்கும் கடற்புல்லே அதன் உணவு. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல்லை மேயும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கின் நுனியை மட்டும் நீர்மேல் நீட்டி மூச்செடுத்துவிட்டு மீண்டும் மேயப் போய்விடும். அதைக் காணச் செல்பவனுக்குக் கிடைப்பதெல்லாம் அந்த ஒரு நொடிதான்.

திமிங்கலமும் ஓங்கிலும் அதற்கு நெருங்கிய சுற்றமல்ல. நிலத்திலே அதற்கு நெருங்கிய உறவு யானை! பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து, ஒரு கிளை கரையில் நின்றது; ஒரு கிளை நீரில் இறங்கியது. ஆண் கடற்பசுவுக்குச் சிறு தந்தங்கள்கூட உண்டு. மேகமலையில் மூங்கில் ஒடிக்கும் யானையும், பாக் நீரிணையில் புல் மேயும் ஆவுளியாவும் பங்காளிகள் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். எனக்கும் அதை அறிந்த நாளில் உறக்கம் வரவில்லை.

இந்தியக் கடல்களில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே என்பது பொதுவான மதிப்பீடு. குசராத்தின் கட்சு வளைகுடா, அந்தமான், நம் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை ஆகிய இடங்களில் மட்டுமே அவை உள்ளன. பெண் கடற்பசு பருவமடையவே ஏறத்தாழ பத்தாண்டுகள் செல்லும். கருக்காலம் பதின்மூன்று, பதினான்கு மாதங்கள். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் மூன்று முதல் ஏழாண்டுகள். ஆகவே ஒன்று இறந்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டும். இதைவிடப் பெரிய உடல் கொண்ட ஸ்டெல்லர் கடற்பசுவை 1741இல் வடகடலில் ஓர் ஆய்வாளர் கண்டு எழுதிவைத்தார். 1768க்குள் அது உலகிலிருந்தே அற்றுப்போனது. மனிதன் அதை எழுத்தில் அறிந்ததற்கும் அழித்ததற்கும் இடையே இருபத்தேழே ஆண்டுகள்.

ஆற்றங்கரையிலிருந்து மனோரா வரை

2023 மார்ச்சுத் திங்களில், வட்டத்து நண்பர்கள் மூவரோடு நான் புறப்பட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வாழை பயிரிடும் கவிஞர் ஒருவர், முன்பு கேள்வி கேட்ட அந்தத் தம்பி. ஏன் அந்த ஆண்டு என்று கேட்பீர்கள். 2022 செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் ஏறத்தாழ 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதற் பாதுகாப்பகம் அது. அச்செய்தியே எங்களை இழுத்துச் சென்றது.

நாங்கள் நேரே அங்குச் செல்லவில்லை. முதலில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை என்னும் சிற்றூருக்குச் சென்றோம். வைகை கடலைச் சேருமிடம் அது. சிவபெருமானுக்கு நஞ்சளித்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை வைராக்கியம் கொண்டதாகப் புலவர்கள் கற்பித்ததை நாம் பலமுறை மேடையிற் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். அங்கு நின்று பார்த்தபோது எனக்கு வேறு தோன்றியது. ஆற்றுக்கு வைராக்கியம் ஏதுமில்லை. வழிநெடுக நாம் குடித்து, பாய்ச்சி, தேக்கிய பின் எஞ்சியிருந்தால்தானே அது சேரும்? வெள்ளம் பெருகிய ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து வைகை கடலைச் சேரத்தான் செய்கிறது.

அந்த நீரில் நம் நீரும் உண்டு என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாற்று அணையிலிருந்து மலையைக் குடைந்து வந்த நீர் முல்லையாறாக நம் ஊர் வயல்களில் பாய்கிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்தபின் வைகையிற் கலந்து கிழக்கே போகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீர் திசை மாறி வங்கக் கடலின் பக்கம் வந்தது. நம் வரப்போரத்து நீர் போகும் வழியின் கடைசியிலே ஆவுளியா மேயும் கடல் இருக்கிறது. நாம் வயலிற் கொட்டும் நஞ்சும் வாய்க்காலில் எறியும் குப்பையும் அதே வழியிலே போகின்றன. நெய்தல் நமக்கு வாய்க்கவில்லை என்றேனே, அது தவறு. நெய்தல் நம் மருதத்தின் கடைமடை.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தொண்டி கடந்து மனோரா போய்ச் சேர்ந்தோம். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோசி மன்னர் எழுப்பிய கோபுரம் அது. அதன் நிழலில் நின்று பார்த்தால் அலையில்லாத கடல் ஏரிபோல் கிடக்கிறது. ஆழம் குறைவு. அதனால் அடிவரை வெயில் இறங்கிக் கடற்புல் செழிக்கிறது. அந்த நீருக்குள் எங்கோ நாங்கள் தேடிவந்த உயிர் மூச்சடக்கி மேய்ந்துகொண்டிருந்தது.

முதியவர் சொன்னது

மறுநாள் விடியலில் அறுபது வயது கடந்த மீனவர் ஒருவர் எங்களைத் தம் நாட்டுப்படகில் ஏற்றிச் சென்றார். சிறிது தூரம் போனதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நீர் தெளிந்திருந்தது. கீழே பசும்புல்லின் நடுவே வெளிறிய கோடு ஒன்று வளைந்து வளைந்து சென்றது. “ஆவுளியா மேஞ்ச தடம்ங்க. இது பழசு” என்றார். ஏர் உழுத சால்போல இருந்தது அது. வாழை பயிரிடும் நண்பர் படகின் விளிம்பில் குனிந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கடற்காக்கைகள் வந்தன, ஒரு மீன் துள்ளியது, ஆவுளியா வரவில்லை. என் பொறுமை தீர்ந்தது. முன்வாரம் தாயும் குட்டியுமாக ஓரிடத்தில் கண்டதாக முதியவர் பேச்சுவாக்கிற் சொல்லியிருந்தார். அங்கே கொண்டுபோங்கள் என்றேன். அவர் மறுத்தார். பேசிய கூலியைப் போல் இரு மடங்கு தருகிறேன் என்றேன். இதைத்தான் என் குற்றம் என்று முதலிற் சொன்னேன். ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ் படித்தவன், உயிரிரக்கம் பற்றி மேடைதோறும் முழங்கியவன், பாலூட்டும் ஒரு தாயின்மேல் படகைச் செலுத்தச் சொல்லிப் பணம் நீட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. “ஐயா, குட்டி முதுகுப் பக்கமா ஒட்டிக்கிட்டுத்தான் போகும். படகு சத்தம் கேட்டா தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் சிதறும். உங்களுக்குப் பார்க்க ஆசை. அதுக்கு மூச்சு விடணும்” என்றார்.

பிறகு அவராகவே தம் கதையைச் சொன்னார். சிறுவயதில், தந்தையின் வலையில் ஒன்று சிக்கி இறந்ததாம். ஊரே கூடிக் கறியைப் பங்கிட்டதாம். அந்நாளில் அது வழக்கம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் அதனைச் சேர்த்துக் காக்கிறது என்றாலும், சட்டம் கடற்கரைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. “அது கண்ணுல தண்ணி வந்துச்சுங்க. அழுவுதுன்னு எங்க ஆத்தா சொல்லுச்சு. நான் கறி திங்கல” என்றார். கரைக்கு வந்த கடற்பசுவின் கண்ணில் வழிவது அழுகை ஆகாது, கண்ணைக் காக்கும் கசிவு என்று அறிவியல் சொல்லலாம். ஆனால் ஒரு சிறுவனை உண்ணவிடாமல் தடுத்தது எதுவோ, அதைக் கவிதை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் வலையிலும் ஒன்று சிக்கியதாம். வலைக்குள் அகப்பட்டால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் சில நிமிடங்களில் அது இறந்துவிடும். அவர் வலையை அறுத்து விட்டிருக்கிறார். இப்படி விடுவிக்கும் மீனவர்களை வனத்துறை பாராட்டி ஊக்கத்தொகை வழங்குகிறது. தொகை வலையின் விலைக்கு ஈடாகுமா என்று கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

நாங்கள் கரை திரும்பினோம். ஆவுளியாவை நாங்கள் காணவில்லை.

வழி தவறிய விருந்தாளிகள்

ஊர் திரும்பியபின், காணும் ஆசை என்பது என்ன என்று சிந்திக்கத் தொடங்கினேன். உலகெங்கும் அந்த ஆசை இருக்கிறது. வழி தவறிவந்த ஒரு கடல் விலங்கு கரையொதுங்கினால் ஊரே திரள்கிறது.

2006 சனவரியில் இலண்டன் நகரின் தேம்சு ஆற்றுக்குள் ஒரு திமிங்கலம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் பாலங்களில் நின்று பார்த்தனர். மீட்க முயன்றும் அது இறந்தது. 2022 கோடையில் நார்வே நாட்டு ஒசுலோவின் கடற்கழிக்குள் ஒரு பெண் வால்ரஸ் வந்தது. இரு நீண்ட தந்தங்களுடைய வடதுருவ விலங்கு அது. 600 கிலோ எடை. ‘ஃபிரேயா’ என்று பெயரிட்டுக் கொஞ்சினர். படகுகளில் ஏறி அது உறங்கும் அழகைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. தள்ளி நில்லுங்கள் என்று அதிகாரிகள் பலமுறை சொல்லியும், குழந்தைகளோடு அருகிற் சென்று படமெடுத்தனர். மக்களின் உயிருக்கு ஆபத்து என்று காரணங்காட்டி, ஆகத்து 14ஆம் நாள் அதிகாரிகள் அதைக் கொன்றுவிட்டனர். மறு ஆண்டு மக்கள் பணம் திரட்டி அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். விலகி நிற்க மனமில்லாதவர்களுக்குச் சிலை வைக்க மனமிருந்தது!

அதே 2022இன் இறுதியில், இங்கிலாந்தின் இசுகார்பரோ என்னும் கடற்கரை நகரின் துறைமுகத்தில் வேறொரு வால்ரஸ் வந்து படுத்தது. புத்தாண்டு வாணவேடிக்கைக்கு எல்லாம் ஆயத்தமாயிருந்தது. வெடியோசை அதனை வருத்தும் என்று நகராட்சி வாணவேடிக்கையை நிறுத்திவிட்டது. விருந்தாளி நன்றாக உறங்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பியது. ஓர் ஊர் தன் கொண்டாட்டத்தை ஓர் உயிரின் உறக்கத்திற்காக விட்டுக்கொடுத்தது.

நம் கரையிலும் இந்த மேன்மை உண்டு. 1973 சனவரியில் மணப்பாட்டுக் கரையில் ஏறத்தாழ நூற்றைம்பது திமிங்கலங்கள் ஒதுங்கி இறந்தன. அதே கடற்பகுதியில் 2016 சனவரியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைப் படகிற் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டும், பல மீண்டும் கரைக்கே வந்தன. ஆனாலும் அவர்கள் கைவிடவில்லை. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் தொற்றுநோய்க் காலத்தையும் பாராது இரவெல்லாம் நீரில் நின்று தள்ளிப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினர். அவர்களும் கூட்டந்தான். ஆனால் அந்தக் கூட்டம் கரையில் நின்று பார்க்கவில்லை; தோள் கொடுத்தது.

கம்பத்தில் வந்த பங்காளி

நாங்கள் மனோராவிலிருந்து திரும்பி இரண்டரை மாதங்கூட ஆகவில்லை. 2023 மே 27ஆம் நாள் கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் வந்தான். அந்த நாளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேரளத்துச் சின்னக்கானலிற் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட யானை, தன் காட்டைத் தேடி அலைந்து நம் தெருவுக்குள் நுழைந்தது. தடையுத்தரவு போட்டார்கள். கூட்டம் அடங்கவில்லை. மாடிகளில் ஏறி நின்றார்கள், வண்டிகளிற் பின்தொடர்ந்தார்கள். தோப்புக்குள் ஒதுங்கி நின்ற யானையின் தலைக்குமேல் படமெடுக்கும் பறக்கும் கருவியை ஏவி விரட்டியதும் நடந்தது. யானை தாக்கியதிற் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். சூன் 5ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசென்றனர்.

அந்த வாரம் நம் வட்டத்துத் தம்பி என் வீட்டுக்கு வந்தார். “நண்பர்களெல்லாம் கம்பத்துக்குப் போறாங்க, நானும் கிளம்பினேன். வண்டியை எடுத்ததும் அந்தப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. ‘உங்களுக்குப் பார்க்க ஆசை, அதுக்கு மூச்சு விடணும்.’ வண்டியை நிறுத்திட்டேன் ஐயா” என்றார். கடற்பசுவைத் தேடிச் சென்ற பயணத்திற்கு இதைவிடப் பெரிய பயன் வேறென்ன வேண்டும்? ஆவுளியாவிடம் கற்ற பாடத்தை அதன் பங்காளியிடம் காட்டிவிட்டார். பணம் நீட்டிய என்னைவிட, வண்டியை நிறுத்திய அவர் நல்ல கவிஞர்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

காணாததைப் பாடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். பாடலாம். கண்டதை மட்டுமே பாடுவதென்றால் இலக்கியத்திற் பாதி இராது. ஆனால் காணாததை அறியாமலே பாடுவது வேறு. அறிந்து, காணாமலே அன்பு செலுத்திப் பாடுவது வேறு. என் ‘கடற்கன்னி’ முதல் வகை. அதில் நிலவும் கூந்தலும் இருந்தன. மூச்சுக்காக மேலே வரும் தவிப்பு இல்லை. வலை இல்லை. புல் இல்லை. அந்தக் கவிதையை இன்று இந்த மேடையில் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மறுபதிப்பில் அது இடம்பெறாது.

அதற்கு ஈடாக இன்னும் ஒரு கவிதையை நான் எழுதவில்லை. எழுத முயன்றேன், வரவில்லை. நீருக்கடியிற் கண்ட அந்த மேய்ச்சல் தடம் மட்டும் கண்ணில் நிற்கிறது. ஒருவேளை எனக்கு அது போதும். உயிரைக் காணாதவனுக்கு அது நடந்த சுவடு கிடைத்தது. இளைய கவிஞர்கள் அதிலிருந்து தொடங்கட்டும்.

வட்டத்திற்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த பத்தாண்டில் நம் கவியரங்கங்களுள் ஒன்றையேனும் வைகையின் கடைமடையாகிய ஆற்றங்கரையில் நடத்துவோம். கடற்பசுவைக் காண்பதற்காகப் போக வேண்டாம். நம் வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதைக் காண்பதற்காகப் போவோம். போகுமுன், நம் ஊர் வாய்க்காலிற் கிடக்கும் நெகிழிப் பைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இறங்கி அள்ளுவோம். கடலைப் பற்றி நாம் இதுவரை எழுதிய கவிதைகளுக்கெல்லாம் செலுத்த வேண்டிய கடன் அது.

படகை விட்டிறங்கும்போது அந்த முதியவர், “இன்னொரு தடவை வாங்க ஐயா, அதுக்கு மனசிருந்தா காட்டும்” என்றார். போவேன். அது காட்டாவிட்டாலும் போவேன். நாம் பார்க்காத நேரத்திலும் அது மேலெழுந்து ஒருமுறை மூச்சுவிட்டு மீண்டும் மேயப் போகிறது என்று அறிந்திருப்பதே ஒரு நிறைவு.